ஒப்பிடுவதற்கான முகம்: விசாப் புகைப்படத்தின் விதிகளும் அவற்றின் காரணங்களும்

வெளிநாட்டுப் படிப்புக்கோ வேலைக்கோ குடியேற்றத்துக்கோ விண்ணப்பிப்பவர்கள் கல்விச் சான்றிதழ்களையும் வங்கிக் கணக்கு விவரங்களையும் மாதக்கணக்கில் திரட்டி, ஒவ்வொன்றையும் இருமுறை சரிபார்த்து அடுக்கிவைக்கிறார்கள். ஆனால் புகைப்படத்தை மட்டும் கடைசி நாளில், வீட்டில் மிச்சமிருக்கும் பழைய படத்தைக் கொண்டோ அவசரமாக எடுத்த ஒன்றைக் கொண்டோ முடித்துவிடுகிறார்கள். மற்ற ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தும் அந்த ஒரு படத்தால் விண்ணப்பம் திரும்பி வருவது பலருக்கும் நேர்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. பாஸ்போர்ட் சேவை மையத்தில் பெரியவர்களின் படத்தை அங்குள்ள ஊழியரே எடுத்துவிடுவதால், கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவர் விதிகளுக்கு உட்பட்ட படத்தைத் தாமே தயாரிக்க வேண்டிய பொறுப்பை முதன்முதலாகச் சந்திப்பது பெரும்பாலும் விசா விண்ணப்பத்தின்போதுதான்.

கண்ணாடி அணியக் கூடாது, சிரிக்கக் கூடாது, நிழல் விழக் கூடாது, பின்னணி வெண்மையாக இருக்க வேண்டும் என்று நீளும் விதிகள் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அதிகாரிகளின் மனம்போன கட்டுப்பாடுகளாகத் தோன்றலாம். உண்மையில் அவை அனைத்தும் ஒரே நோக்கத்திலிருந்து பிறந்தவை. விசாப் புகைப்படம் ஒருவரை அழகாகக் காட்டுவதற்காகக் கேட்கப்படுவதில்லை. பல மாதங்களுக்குப் பின்னர், வேறொரு நாட்டின் விமான நிலையத்தில், முன்பின் அறியாத ஓர் அதிகாரியோ ஒரு கணினியோ எதிரில் நிற்பவரின் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே அது கேட்கப்படுகிறது. அந்த ஒப்பீட்டுக்கு இடையூறாக இருக்கும் எதையும் விதிகள் விலக்குகின்றன. இந்த அடிப்படையைப் புரிந்துகொண்டவருக்கு விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.

ஆவணத்துக்குள் படம் வந்த வரலாறு

குடியேற்ற ஆவணங்களில் புகைப்படம் நுழைந்த கதை எல்லாருக்கும் பொதுவான ஒரு விதியாகத் தொடங்கவில்லை. அமெரிக்கா 1882ஆம் ஆண்டில் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடைசெய்தது. பத்தாண்டுகளுக்குப் பின் 1892இல் இயற்றப்பட்ட கியரி சட்டம், ஏற்கெனவே அங்கு வாழ்ந்துகொண்டிருந்த சீனத் தொழிலாளர் ஒவ்வொருவரும் வசிப்பிடச் சான்றிதழ் பெற்றுக் கையில் வைத்திருக்க வேண்டும் என்றது. சீனச் சமூகத்தினரில் பெரும்பாலோர் பதிவுசெய்ய மறுத்துச் சட்டத்தை எதிர்த்தபோதிலும், 1893இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் கொண்டுவரப்பட்ட மெக்ரியரி திருத்தம், சான்றிதழில் புகைப்படத்தையும் கட்டாயமாக்கியது. ஓர் இனத்தாரை மட்டும் சந்தேகத்தோடு பார்த்து அடையாளம் காண்பதற்காக வகுக்கப்பட்ட முறை, பின்னாளில் உலகம் முழுவதற்கும் உரிய நடைமுறையாக வளர்ந்தது என்பது இவ்வரலாற்றில் மறக்கக் கூடாத செய்தியாகும்.

கடவுச்சீட்டில் படம் பரவலானதற்கு முதல் உலகப் போர் காரணமாயிற்று. 1914இல் ஜெர்மானிய உளவாளியான கார்ல் ஹன்ஸ் லோடி, அமெரிக்கர் ஒருவருடைய கடவுச்சீட்டைப் பயன்படுத்திப் பிரிட்டனுக்குள் நுழைந்தார். அதில் உரியவரின் படம் இல்லாததால் அவரைத் தடுக்க வழியில்லாமல் போயிற்று. பின்னர் அவர் பிடிபட்டு, அவ்வாண்டு நவம்பரில் லண்டன் கோபுரச் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே அமெரிக்கா தன் கடவுச்சீட்டுகளில் படத்தைக் கட்டாயமாக்க, 1915இல் பிரிட்டனும் அவ்வழியைப் பின்பற்றியது. தொடக்க காலப் படங்களுக்குக் கட்டுப்பாடு குறைவு. தொப்பி அணிந்தவர்களின் படங்களும், கணவன், மனைவி, குழந்தைகள் எல்லாரும் ஒன்றாக அமர்ந்த படங்களும் அப்போது ஏற்கப்பட்டன.

இன்றைய விதிகளின் மூலம், கனடாவின் மான்ட்ரியல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வெளியிடும் 9303 என்ற எண் கொண்ட ஆவணம் ஆகும். கணினியால் படிக்கத்தக்க பயண ஆவணங்கள் எவ்வாறு அமைய வேண்டும் என்று வரையறுக்கும் இந்த ஆவணத்தின் முதல் பதிப்பு 1980இல் வெளிவந்தது. 2003ஆம் ஆண்டில் அந்த அமைப்பு, கைரேகையையும் கருவிழியையும் விட்டு, முகத்தையே உலக நாடுகள் அனைத்துக்கும் பொதுவான உயிரியல் அடையாளமாகத் தேர்ந்தது. அன்று முதல் புகைப்படம் பார்வைக்கான பொருள் என்ற நிலையிலிருந்து அளவீட்டுக்கான தரவு என்ற நிலைக்கு மாறியது. சிப் பொருத்திய கடவுச்சீட்டுகளை இந்தியா 2024 முதல் படிப்படியாக வழங்கிவருகிறது. அந்தச் சிப்பினுள் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றோடு முகப்படமும் பதிந்திருக்கிறது.

கணினி முகத்தை எப்படிப் பார்க்கிறது

முகம் அறியும் மென்பொருள் முதலில் படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டு, இரு கண்களின் மையங்களைக் குறித்துக்கொள்கிறது. பின்னர் முகத்தை நேராக்கி, குறிப்பிட்ட அளவுக்குச் சுருக்கியோ பெருக்கியோ, அதன் அமைப்பை எண்களின் வரிசையாக மாற்றுகிறது. இரண்டு படங்களிலிருந்து கிடைக்கும் எண் வரிசைகள் நெருங்கியிருந்தால் இரண்டிலும் இருப்பவர் ஒருவரே என்று முடிவு செய்கிறது. கண்கள் தெளிவாகத் தெரியாவிட்டால் இந்த வேலையின் முதற்படியே தவறிவிடும் என்பதால்தான் கண்களைப் பற்றிய விதிகள் மிகக் கடுமையாக இருக்கின்றன. முடி கண்ணில் விழக் கூடாது, கண்கள் திறந்திருக்க வேண்டும், பார்வை நேராகக் கேமராவை நோக்கியிருக்க வேண்டும் என்பவை இதன் விளைவுகள். அமெரிக்கா 2016 நவம்பர் 1 முதல் விசாப் படங்களில் மூக்குக் கண்ணாடியை அறவே தடைசெய்துவிட்டது. கண்ணாடியில் விளக்கொளி பிரதிபலிப்பதும், சட்டகம் கண்ணின் ஓரத்தை மறைப்பதும், அதன் நிழல் கன்னத்தில் விழுவதும் அதற்குக் காரணங்கள். மருத்துவக் காரணத்தால் கழற்ற முடியாதவர்கள் மருத்துவரின் கையொப்பமிட்ட கடிதத்தை இணைக்க வேண்டும்.

சிரிப்புக்கான தடையும் இவ்வாறே வந்தது. பல் தெரியச் சிரிக்கும்போது கன்னம் உயர்ந்து, கண் சுருங்கி, வாயின் அகலம் கூடி, முகத்தின் அளவுகள் மாறிவிடுகின்றன. எல்லாரும் எளிதில் திரும்பக் கொண்டுவரக்கூடிய ஒரே பாவனை இயல்பான, வாய் மூடிய முகபாவனைதான். எனவே அதுவே பொது அளவாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இயல்பு என்பது விறைப்பு அன்று. விதிக்கு அஞ்சிப் புருவத்தைச் சுருக்கி, தாடையை இறுக்கி எடுக்கப்பட்ட படமும் அவருடைய அன்றாட முகத்தை விட்டு விலகியதேயாகும்.

நாட்டுக்கு நாடு மாறும் அளவுகள்

பொது அளவுகோல் ஒன்று இருந்தபோதிலும் அதை ஒவ்வொரு நாடும் தன் வழக்கத்துக்கேற்பக் கையாள்கிறது. அமெரிக்க விசாவுக்குரிய படம் இரண்டு அங்குலச் சதுரம். அதாவது 51 மி.மீ.க்கு 51 மி.மீ. அதில் தலையின் உயரம் 25 முதல் 35 மி.மீ. வரை, படத்தின் மொத்த உயரத்தில் 50 முதல் 69 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். தலையின் உயரத்தை இந்நாடு தலைமுடியையும் சேர்த்து உச்சியிலிருந்து மோவாய் வரை அளக்கிறது. ஆதலால் உச்சியில் கொண்டை போட்டவர்களின் படத்தில் முகம் சரியான அளவில் இருந்தும் தலை வரம்பைத் தாண்டிவிடக்கூடும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 35 மி.மீ. அகலமும் 45 மி.மீ. உயரமும் கொண்ட படத்தைக் கேட்கின்றன. அதில் முகம் 70 முதல் 80 விழுக்காடு இடத்தை நிரப்ப வேண்டும். அமெரிக்காவுக்கு எடுத்த படத்தை ஓரம் வெட்டி ஐரோப்பாவுக்குப் பயன்படுத்தினால் முகம் சிறிதாக அமைந்துவிடுவது இந்த வேறுபாட்டினால்தான்.

கனடா, தற்காலிக விசாவுக்கு 35க்கு 45 மி.மீ. படத்தையும் நிரந்தர வசிப்பு அட்டைக்கு 50க்கு 70 மி.மீ. படத்தையும் கேட்கிறது. இரண்டிலும் மோவாயிலிருந்து உச்சி வரையுள்ள அளவு 31 முதல் 36 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நிரந்தர வசிப்புக்கான அச்சுப் படத்தின் பின்புறத்தில் ஸ்டூடியோவின் பெயரும் முகவரியும் படம் எடுத்த தேதியும் இடம்பெற வேண்டும் என்பதை ஊர்ப்பக்கத்து ஸ்டூடியோக்கள் பல அறிந்திருப்பதில்லை. ஆகையால் கேட்டு எழுதி வாங்குவது விண்ணப்பதாரரின் பொறுப்பாகிறது. சீன விசாப் படம் 33க்கு 48 மி.மீ.; மலேசியாவுக்கு 35க்கு 50 மி.மீ. 'பாஸ்போர்ட் சைஸ்' என்று மட்டும் சொல்லி எடுக்கும் படம் இவற்றில் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பது தற்செயலைச் சார்ந்ததாகிவிடுகிறது.

பின்னணி நிறத்திலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. அமெரிக்கா வெண்மையையோ அதை ஒட்டிய மங்கிய வெண்மையையோ கேட்கிறது. பிரான்சின் அடையாள ஆவணங்களுக்கோ வெண்பின்னணி கூடாது. வெளிர் சாம்பல் அல்லது வெளிர் நீலமே ஏற்கப்படும். புதுச்சேரியில் வாழும் பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட தமிழர்கள் தங்கள் ஆவணங்களைப் புதுப்பிக்கும்போது, அதே ஊரிலிருந்து அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும் உறவினர் எடுத்துக்கொண்ட முறையைப் பின்பற்ற முடியாது. நாடுகள் நிறத்தில் வேறுபட்டாலும், முகத்தின் விளிம்பும் பின்னணியும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் தனித்தனியே தெரிய வேண்டும் என்ற காரணம் பொதுவானதே. வெள்ளைச் சட்டை அணிந்தவர் வெண்திரைக்கு முன் அமர்ந்தால் தோள் திரையோடு கரைந்துவிடும். நடுத்தரமான அல்லது அடர்ந்த நிறமுடைய, அச்சுகள் குறைந்த உடையே இப்படத்துக்குப் பொருத்தமானது. சீருடையும் அதுபோலத் தோன்றும் உடையும் அமெரிக்க விசாப் படத்தில் அனுமதிக்கப்படுவதில்லை.

ஒளியும் கருமை நிறமும்

திருப்பி அனுப்பப்படும் படங்களின் குறைகளில் பல ஒளியைச் சார்ந்தவை. கேமராவின் மேலேயே இருக்கும் ஒற்றை ஃப்ளாஷ், நெற்றியிலும் மூக்கிலும் வெண்புள்ளியாகத் தெறித்து, பின்சுவரில் தலையின் நிழலைக் கறுப்பாக விழச் செய்கிறது. தலைக்கு நேர் மேலுள்ள குழல்விளக்கு கண்குழியிலும் மோவாயின் அடியிலும் நிழலைத் தேக்குகிறது. பக்கத்துச் சன்னலிலிருந்து மட்டும் வரும் வெளிச்சம் முகத்தின் ஒரு பாதியை வெளுக்கச் செய்து மறு பாதியை இருளில் விடுகிறது. இவற்றுக்கு மாற்றாக, முகத்தின் இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் சமமான, மென்மையான வெளிச்சம் விழ வேண்டும் என்பதும், அமர்ந்திருப்பவர் சுவரை ஒட்டாமல் இரண்டு மூன்று அடி முன்னால் தள்ளி இருக்க வேண்டும் என்பதும் தேர்ந்த படப்பிடிப்பாளர்களின் நடைமுறை.

கருத்த நிறமுடையவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது. வெண்திரை நிறைந்த காட்சியைக் காணும் கேமரா, வெளிச்சம் அதிகமாக இருப்பதாகக் கணக்கிட்டுத் தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்கிறது; அதன் விளைவாக முகம் இருண்டு, கண்ணுக்கும் புருவத்துக்கும் இடையிலுள்ள நுண்ணிய வேறுபாடுகள் மறைந்துவிடுகின்றன. இதைச் சரிசெய்ய வேண்டிய முறை, படம் எடுக்கும்போதே முகத்தின் மீது கேமராவின் ஒளியளவைப் பொருத்துவதும் விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டுவதும் ஆகும். ஆனால் பல ஸ்டூடியோக்களில் இருண்ட படத்தை எடுத்துவிட்டு, அதன்பின் கணினியில் நிறத்தை வெளுக்கச் செய்து தருகிறார்கள். இவ்வாறு வெளுத்த முகம் எல்லையில் நிற்கும் மனிதரின் முகத்தோடு பொருந்தாது. விதிகளின்படி அது திருத்தப்பட்ட படமாகவும் கருதப்படும். சிவப்பாகத் தெரிவதே நல்ல படம் என்ற நெடுநாளைய எண்ணம் இங்கே நேரடியாகவே தீங்கு விளைவிக்கிறது.

குறை படம் எடுப்பவர்களிடம் மட்டும் இல்லை. படத்தைச் சோதிக்கும் இயந்திரங்களிடமும் இருக்கிறது. நியூசிலாந்தின் கடவுச்சீட்டு இணையதளம், 2016இல், ஆசிய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவரின் திறந்த கண்களை மூடியவை என்று கணித்து அவருடைய படத்தை மறுத்தது. பிரிட்டனின் இணையவழிக் கடவுச்சீட்டுப் படச் சோதனையைப் பி.பி.சி. நிறுவனம் 2020இல் ஆராய்ந்தபோது, கருத்த நிறமுடைய பெண்களின் படங்களில் 22 விழுக்காட்டைத் தரம் குறைந்தவையென்று அந்த மென்பொருள் கூறியதும், வெளிர் நிறமுடைய பெண்களுக்கு அது 14 விழுக்காடாக இருந்ததும் தெரியவந்தன. ஆண்களுக்கு இந்த அளவுகள் முறையே 15, 9 விழுக்காடுகள். அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, ஆசிய, ஆப்பிரிக்க முகங்களை வேறொருவரின் முகமென்று தவறாகப் பொருத்தும் பிழை பல மென்பொருள்களில் பன்மடங்கு அதிகமாக இருந்ததைக் காட்டியது. வெளிர் நிற முகங்கள் மிகுந்த தொகுப்புகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்படும் மென்பொருள், தான் குறைவாகக் கண்ட முகங்களில் தடுமாறுகிறது. இந்தச் சுமை அதை உருவாக்கியவர்கள் மீது விழாமல், மீண்டும் பணமும் நேரமும் செலவிட்டுப் படம் எடுக்க வேண்டிய விண்ணப்பதாரர் மீது விழுவது நியாயமன்று.

பொட்டும் மூக்குத்தியும் தலைமறைப்பும்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் விண்ணப்பிப்பவர்களின் ஐயங்களில் பல அன்றாட அணிகலன்களைப் பற்றியவை. மூக்குத்தியும் தோடும் முகத்தை மறைக்காமல், வெளிச்சத்தைத் தெறிக்கச் செய்யாமல் இருந்தால் பொதுவாக ஏற்கப்படுகின்றன; கல் பதித்த பெரிய மூக்குத்தி ஃப்ளாஷ் ஒளியில் மின்னி வெண்புள்ளியாகப் பதியும் என்பதால் படத்துக்கு மட்டும் சிறியதை அணிவது பாதுகாப்பானது. நெற்றியை நிறைக்கும் திருநீறும் அகன்ற குங்குமமும் புருவத்தின் மேற்பகுதியை மறைக்காதவாறு இருக்க வேண்டும். சிறு பொட்டைப் பற்றி வெளிப்படையான தடை பெரும்பாலான நாடுகளின் விதிகளில் இல்லை என்றாலும், நெற்றி தெளிவாக இருக்கும் படமே கேள்விக்கு இடமளிக்காது. காதோரம் எட்டிப் பார்க்கும் மல்லிகைச் சரம் முகத்தின் விளிம்பை மாற்றிக் காட்டுவதால் அதைத் தவிர்ப்பது நல்லது. எண்ணெய் மினுமினுப்பும் வியர்வையும் நெற்றியில் ஒளிப்புள்ளிகளை உண்டாக்கும் என்பதால் படம் எடுப்பதற்கு முன் முகத்தை ஒற்றித் துடைத்துக்கொள்வது பயன் தரும்.

தலைமறைப்பைப் பொறுத்தவரை, சமயக் காரணத்துக்காக நாள்தோறும் அணிபவர்களுக்கு அமெரிக்கா, கனடா, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகள் அனுமதி அளிக்கின்றன. முஸ்லிம் பெண்களின் முக்காடும் சீக்கியரின் தலைப்பாகையும் இவ்வகையில் அடங்கும். முகம் மோவாயின் அடியிலிருந்து நெற்றியின் மேல் வரை, இரு கன்னங்களின் ஓரங்களோடு முழுமையாகத் தெரிய வேண்டும் என்பதும், துணியின் நிழல் முகத்தில் விழக் கூடாது என்பதும் நிபந்தனைகள். வெண்பின்னணிக்கு வெள்ளை முக்காடு பொருந்தாது. ஒரே நிறமுள்ள அடர்ந்த துணியைத் தேர்ந்தால் விளிம்பு தெளிவாக அமையும்.

திருத்தக் கூடாத மச்சம்

பள்ளிச் சான்றிதழில் 'அங்க அடையாளங்கள்' என்ற இடத்தில் வலது கன்னத்து மச்சமும் இடது புருவத்துத் தழும்பும் எழுதப்படுவதைத் தமிழர்கள் அறிவார்கள். அதே மச்சத்தையும் தழும்பையும் ஸ்டூடியோவில் கணினித் திரையில் ஒரு நொடியில் அழித்து, கண்ணடியின் கருவளையத்தை நீக்கி, தோலை வழவழப்பாக்கித் தருவது வாடிக்கையாளருக்குச் செய்யும் உபகாரமாகக் கருதப்படுகிறது. விசாவுக்கு எடுக்கும் படத்தில் இது அபகாரமாகவே முடியும். படம் எவ்வகையிலும் மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. கைப்பேசிச் செயலிகளும் செயற்கை நுண்ணறிவும் முகத்தைச் சீர்செய்து தரும் இக்காலத்தில், பயனர் கேட்காமலேயே அழகூட்டும் வசதி இயங்கிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், படம் எடுக்கும் முன் கேமராவின் அமைப்புகளில் அதை அணைத்துவைப்பது இன்றியமையாதது.

திருத்தத்தின் மீது அரசுகளுக்கு இவ்வளவு அச்சம் ஏற்பட்டதற்கு முகக்கலப்பு என்னும் மோசடி முறை காரணமாக உள்ளது. இருவரின் முகங்களைக் கணினியில் கலந்து, இருவரையும் ஒத்திருக்கும் ஒரு படத்தை உருவாக்கினால், அந்தப் படம் கொண்ட ஒரே கடவுச்சீட்டை இருவரும் பயன்படுத்த முடியும். இந்த ஆபத்தை இத்தாலியின் போலோன்யா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் செய்துகாட்டினார்கள். 2018இல் ஜெர்மனியைச் சேர்ந்த செயற்பாட்டாளர் குழு ஒன்று, அன்றைய ஐரோப்பிய ஒன்றிய வெளியுறவுப் பிரதிநிதி ஃபெதரிக்கா மொகெரினியின் முகத்தைக் கலந்து உருவாக்கிய படத்தைக் கொண்டு உண்மையான கடவுச்சீட்டையே பெற்றுவிட்டது. இத்தகைய மோசடிகளைத் தடுக்க, ஜெர்மனி 2025 மே 1 முதல் கடவுச்சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் வெளிநாட்டவரின் வசிப்பு அட்டைக்கும் காகிதப் படத்தை ஏற்பதை நிறுத்தியது. அங்கே படத்தை அரசு அலுவலகத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். அல்லது பதிவுபெற்ற ஸ்டூடியோ, பாதுகாக்கப்பட்ட இணைப்பு வழியாக நேரடியாக அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். படம் விண்ணப்பதாரரின் கையைத் தொடாமலேயே சென்றுசேர்வதால் இடையில் மாற்ற வழியில்லை. விசா மையங்களில் கைரேகையோடு முகத்தையும் நேரிலேயே படம்பிடிக்கும் நடைமுறை பெருகிவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் எடுப்பவர்களுக்கு

நல்ல கைப்பேசியைக் கொண்டு வீட்டிலேயே ஏற்கத்தக்க படத்தை எடுக்க முடியும். ஆனால் அதைத் தன்படமாக எடுக்கக் கூடாது. கைநீட்டும் தொலைவில் எடுக்கும்போது கேமராவுக்கு அருகிலுள்ள மூக்கு பெருத்தும் காதுகள் பின்வாங்கியும் தோன்றி, முகத்தின் விகிதங்கள் மாறிவிடுகின்றன. மேலும் முன்பக்கக் கேமரா சில கைப்பேசிகளில் கண்ணாடிப் பிம்பம்போல இடவலம் மாற்றிச் சேமிப்பதால், வலது கன்னத்து மச்சம் இடது பக்கம் வந்துவிடும். எனவே வேறொருவர் பின்பக்கக் கேமராவால், ஏறத்தாழ ஐந்தடித் தொலைவில், கண்ணுக்கு நேரான உயரத்தில் கைப்பேசியை நிறுத்தி எடுப்பதே முறையானது. இருபுறமும் வெளிச்சம் பரவியிருக்கும் வேளையில், பெரிய சன்னலைப் பார்த்தவாறு அமர்ந்தால் முகத்தில் நிழல் குறையும். தலை, தோள், சுற்றிலும் தாராளமான பின்னணி ஆகியவை அடங்கும்படி எடுத்துவிட்டு, பின்னர் உரிய அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். முதலிலேயே நெருக்கி எடுத்தால் பிறகு விரிக்க இயலாது. பின்னணியை மென்பொருளால் அகற்றி வெண்மை பூசும்போது காதின் ஓரமும் முடியின் இழைகளும் வெட்டுப்பட்டுவிடுவதால், சுவரோ வெள்ளைத் துணியோ இயல்பாகவே பின்னால் இருப்பது நல்லது.

கோப்பின் தரமும் கவனத்துக்குரியது. அமெரிக்க விசாவின் இணைய விண்ணப்பத்துக்கு 600க்கு 600 முதல் 1200க்கு 1200 பிக்சல் வரையுள்ள சதுரமான ஜேபெக் கோப்பு, 240 கிலோபைட்டுக்கு மிகாமல் தேவை. பிக்சல் என்பது படத்தை ஆக்கும் நிறப்புள்ளி. அதன் எண்ணிக்கை குறைந்தால் கண்ணும் வாயும் திட்டுத்திட்டாகத் தெரியும். ஸ்டூடியோவிலிருந்து வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். மின்னஞ்சல் வழியாகவோ ஆவணமாக இணைத்தோ பெறுவதே சரி. அமெரிக்க விண்ணப்பத்தில் பதிவேற்றம் தவறினால், உறுதிப்படுத்தும் பக்கத்தில் படம் இருக்க வேண்டிய கட்டத்தில் பெருக்கல் குறி தோன்றும். அப்படிப்பட்டவர்கள் அச்சிட்ட படத்தை நேர்காணலுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

குழந்தைகளும் காலக்கெடுவும்

கைக்குழந்தையின் படமே மிகுந்த பொறுமையைக் கேட்பது. வெள்ளை விரிப்பின் மேல் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, மேலிருந்து நிழல் விழாமல் எடுப்பது பரவலாகப் பரிந்துரைக்கப்படும் வழி. தாங்கிப் பிடிக்கும் கையோ, வாய்ச்சூப்பியோ, பொம்மையோ படத்தில் தெரியக் கூடாது. பிரிட்டனின் கடவுச்சீட்டு விதிகள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் கண் திறந்திருக்க வேண்டியதில்லை என்றும், ஆறு வயதுக்குட்பட்டவர்கள் நேராகக் கேமராவைப் பார்க்க வேண்டியதில்லை என்றும் தளர்வு தருகின்றன. பாலுண்டு களைப்பு நீங்கிய பொழுதைத் தேர்ந்தெடுத்து, பல படங்களை எடுத்து அவற்றுள் ஒன்றைத் தேர்வதே பெற்றோருக்கு எளிது.

படத்தின் வயதும் ஒரு நிபந்தனையாகும். அமெரிக்கா, கனடா, ஷெங்கன் நாடுகள் முதலியவை ஆறு மாதத்துக்குள் எடுத்த படத்தையே கேட்கின்றன. பழைய விசாவில் ஒட்டியிருக்கும் அதே படத்தைப் புதிய விண்ணப்பத்திலும் கண்ட அதிகாரி, படம் பழையது என்று உடனே உணர்ந்துவிடுவார். இலங்கையிலிருந்து பலர் பங்கேற்கும் அமெரிக்கப் பன்முகக் குடியேற்ற விசாக் குலுக்கலில் இவ்விதி இன்னும் கடுமையாகிறது: முந்தைய ஆண்டில் அனுப்பிய படத்தையே மீண்டும் அனுப்பினாலோ படம் அளவுக்கு உட்படாமல் இருந்தாலோ அந்த விண்ணப்பமே தகுதி இழந்துவிடும். மனைவி அல்லது கணவர், குழந்தைகள் ஆகிய ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படம் இணைக்க வேண்டும். குடும்பமாக எடுத்த படம் ஏற்கப்படாது.

இருதரப்பின் கடமைகள்

விண்ணப்பதாரர் ஸ்டூடியோவுக்குள் நுழையும்போது மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொன்னால் பெரும்பாலான பிழைகள் அங்கேயே தீர்ந்துவிடும்: எந்த நாட்டுக்கு, எந்த வகை விசாவுக்கு என்பது, அந்நாட்டின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலுள்ள அளவு எது என்பது, நிறத்தையோ மச்சத்தையோ தோலையோ எவ்வகையிலும் தொடக் கூடாது என்பது. விதிகள் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் வாரத்திலேயே அந்த இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். ஸ்டூடியோ நடத்துவோரும், இப்படத்துக்கான திறமை திருத்துவதில் இல்லை, வெளிச்சத்தைச் சரியாக அமைப்பதில்தான் இருக்கிறது என்பதை ஏற்று, கருத்த முகத்தை அதன் உண்மை நிறத்திலேயே தெளிவாகக் காட்டும் பயிற்சியைப் பெற வேண்டும்.

அரசுகளுக்கும் இதில் கடமை உண்டு. படம் மறுக்கப்பட்டால் எந்தக் குறையால் மறுக்கப்பட்டது என்பதை விண்ணப்பதாரருக்கு அவருடைய மொழியில் சொல்வதும், இயந்திரம் மறுத்த படத்தை ஒரு மனிதர் மீண்டும் பார்ப்பதற்கு வழி வைப்பதும், எல்லா நிறத்தாரின் முகங்களையும் சம அளவில் கொண்டு மென்பொருளைச் சோதித்து அதன் முடிவை வெளியிடுவதும் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஓர் இனத்தாரைப் பிரித்துக் காண்பதற்காகக் குடியேற்ற ஆவணத்தில் முதலில் சேர்க்கப்பட்ட புகைப்படம், இன்று எல்லாரிடமும் கேட்கப்படுகிறது. எல்லாரிடமும் கேட்கப்படும் ஒன்று எல்லாரையும் ஒரே நேர்மையோடு அளக்க வேண்டும். தன் முகத்தைத் தன் நிறத்தோடும் தழும்போடும் உள்ளபடியே அளிக்கும் விண்ணப்பதாரருக்கு, அந்த நேர்மையைத் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு.